கலுங்கில் ஒரு சாண் மண்

ஆசிரியர் அவர்களுக்கு,

1960-இல் கையெழுத்தான சிந்து நதி ஒப்பந்தத்தை இந்தியா 2025 ஏப்ரலில் நிறுத்திவைத்ததிலிருந்து, எங்கள் டீக்கடையிலும் நதிநீர்ப் பேச்சுதான். எனக்கோ கண்மாய்தான் நினைவுக்கு வருகிறது.

நான் சிறுவனாக இருந்தபோது மேல்கண்மாய்க்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாக, உபரிநீர் வழியும் கலுங்கின் மேல் பனந்தடியைக் கிடத்தி, ஒரு சாண் உயரத்துக்கு மண் அணைப்பார்கள். விடிந்தால் எங்கள் வரத்துக்காலில் ஈரம் இருக்காது. அரிவாளோடு போனவர்களும் உண்டு. கடைசியில் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்து கலுங்குக் கல்லில் உளியால் ஒரு கோடு வெட்டினார்கள். மண் அதைத் தாண்டக்கூடாது. சண்டை ஒழிந்துவிடவில்லை, அரிவாள் மட்டும் வீட்டோடு நின்றது.

காவிரிக்கு அப்படியொரு கோடு பிலிகுண்டுலுவில் இருக்கிறது. 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி நமக்குரிய 177.25 டி.எம்.சி.யை மத்திய நீர் ஆணையம் அங்கேதான் அளக்கிறது. காவிரியில் மாயனூரிலிருந்து குண்டாற்றுக்கு 262 கி.மீ. கால்வாய் வெட்ட 2021-இல் அடிக்கல் நாட்டினார்கள். அதில் வருவது உபரி வெள்ளம் மட்டுமே என்கிறது தமிழகம். அதை எதிர்த்துக் கர்நாடகம் உச்ச நீதிமன்றம் போய்விட்டது. உபரி எந்த அளவில் தொடங்குகிறது? அதற்கும் ஒரு கோடு வெட்டி, இரு மாநிலப் பொறியாளர்களும் சேர்ந்து எடுத்த அளவைத் தினமும் வெளியிடட்டும்.

திருச்சுழியில் குண்டாற்று மணலில் இப்போது சீமைக்கருவேலம்தான் விளைகிறது.

இப்படிக்கு,
ஒரு மானாவாரி விவசாயி,
மல்லாங்கிணறு.