கிரகணமும் பள்ளிக்கூடமும்

பூகோளப் புஸ்தகத்திலே கிரகணத்தைப் பற்றி ஒரு பாடம் இருக்கின்றது. சந்திரன் சூரியனை மறைப்பதால் சூரிய கிரகணமும், பூமியின் நிழல் சந்திரன்மீது விழுவதால் சந்திர கிரகணமும் உண்டாகின்றன என்று பிள்ளைகள் உருப்போட்டுப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கிவிடுகின்றார்கள். ஆனால் கிரகணம் பிடிக்கின்ற அன்றைக்கோ அதே பிள்ளைகளை வீட்டுக்குள் போட்டுக் கதவைச் சாத்துகின்றோம். சோற்றுப் பானையில் தர்ப்பையைப் போடுகின்றோம். கர்ப்பிணியை இருட்டு மூலையில் உட்கார வைக்கின்றோம். பரீட்சைக்குச் சந்திரன், வீட்டுக்கு ராகு என்று இரண்டு கணக்கு வைத்திருக்கும் படிப்பை, படிப்பு என்று சொல்லலாமா என்று கேட்கின்றோம்.

"இது ஒரு பழைய வழக்கம், இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று சில நண்பர்கள் சொல்லக்கூடும். 2019-ம் வருஷம் டிசம்பர் மாதம் 26-ந் தேதி கோயமுத்தூர், கரூர், திண்டுக்கல் வழியாக ஒரு கங்கண கிரகணம் சென்றது. காலை 9.30 மணி சுமாருக்குச் சூரியன் ஒரு நெருப்பு வளையமாகச் சுமார் 3 நிமிஷ நேரம் நின்றது. அதே நாளில், கர்நாடகத்தில் கலபுரகியை அடுத்த ஓர் ஊரில், ஊனமுற்ற குழந்தைகளைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து வைத்து, கிரகணத்தினால் ஊனம் தீரும் என்று காத்திருந்தார்கள். அந்தத் தாய் தகப்பன்மார் கொடியவர்களல்ல. பிள்ளை நடக்கவேண்டும் என்ற ஆசையினால் செய்தவர்களேயாவார்கள். அவர்களுடைய ஊரிலும் பள்ளிக்கூடமும் பூகோளப் பாடமும் இல்லாமலிருக்காது. ஆனால் அந்தப் பாடம் அந்த மண்ணைத் தோண்டிய கையைத் தடுக்கவில்லை. நஷ்டம் என்ன என்பதை இதிலிருந்தே அறிந்து கொள்ளலாம்.

பாடம் ஏன் தடுக்கவில்லை? பிள்ளை கண்ணால் பார்க்காமல், கையால் செய்யாமல், வாயால் மாத்திரம் படித்தது பாட்டியின் ஒரு அதட்டலுக்கு முன் நிற்பதில்லை. "கருவிகளுக்கு எங்கே போவது? எங்கள் பள்ளியில் தூரதர்சினி இல்லையே, பெரிய திரை இல்லையே" என்பதாக உபாத்தியாயர்கள் சிலர் சொல்லுகின்றார்கள். திரையும் வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் வானத்தைப் பற்றிய பாடத்துக்கு வேண்டிய சாமான் ஏழைப் பள்ளியிலும் இருக்கின்றது என்பதே நமது வாதம்.

ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தின் கீழ் வைத்து நசுக்குவதற்கல்ல, பூமியாக வைத்துக்கொள்வதற்கு. ஒரு கொண்டைக்கடலை சந்திரன். அதைப் பழத்திலிருந்து 4 அடி தூரத்தில் ஒரு பிள்ளை பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்குக்குச் சூரியன் எவ்வளவு பெரிதாயிருக்கும்? சுமார் 14 அடி அகலமுள்ள உருண்டை. அதுவும் ஏறக்குறைய அரை கிலோமீட்டருக்கு அப்பால்! புஸ்தகத்துப் படத்தில் மூன்றையும் அடுத்தடுத்து வரைந்திருப்பதனால் ஏற்படும் தப்பெண்ணம் ஒரே நாழிகையில் தீர்ந்துபோகும்.

"அப்படியானால் அமாவாசைதோறும் கிரகணம் வரவேண்டாமா?" என்று ஒரு பிள்ளை கேட்கும். கேட்கின்ற பிள்ளையை உட்காரச் சொல்லாதீர்கள். சந்திரன் சுற்றும் பாதை, பூமி சூரியனைச் சுற்றும் பாதைக்குச் சுமார் 5 டிகிரி சாய்ந்திருக்கின்றது. இரண்டு பாதைகளும் குறுக்கிடும் இரண்டு இடங்களுக்கு அருகே அமாவாசை நேர்ந்தால்தான் சூரிய கிரகணம். இரண்டு பிரம்பு வளையங்களை ஒன்றுக்குள் ஒன்று சாய்த்துக் காட்டினால் போதும். பஞ்சாங்கக் கணக்கில் ராகு, கேது என்பதும் அந்த இரண்டு இடங்களேயாகும். பாம்பு விழுங்குவதானால், எந்த மணிக்கு எந்த நிமிஷத்தில் விழுங்கும் என்று பல வருஷங்களுக்கு முன்னாலேயே கணக்குப் போட எந்தப் பாம்பு சம்மதிக்கும்?

நிற்க, ஒரு குச்சியைக் கொண்டு உலகத்தையே அளக்கலாம். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்டு 18 தேதிகளின் சுமாருக்கு நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்பதால், நேராக நட்ட குச்சிக்கு நிழல் விழாது. அதே நாள் நடுப்பகலில் கன்னியாகுமரியில் 1 மீட்டர் குச்சிக்குச் சுமார் 9 சென்டிமீட்டர் நிழல் விழும். அதாவது 5 டிகிரி சாய்வு. இரண்டு ஊருக்கும் வடக்குத் தெற்காகச் சுமார் 550 கிலோமீட்டர். 5 டிகிரி என்பது முழு வட்டத்தில் 72-ல் ஒரு பங்கு. 72-ஐ 550-ஆல் பெருக்கினால் 39,600. பூமியின் சுற்றளவோ சுமார் 40,000 கிலோமீட்டர்! இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பே எரடோஸ்தெனஸ் என்பவர் எகிப்தில் இந்த வழியில்தான் பூமியை அளந்தார். இரண்டு ஊர்ப் பள்ளிக்கூடங்கள் பேசிக்கொண்டால் நம் பிள்ளைகளும் அளந்துவிடுவார்கள்.

கிரகணத்தைப் பார்த்தால் கண் கெடும் என்பதை மாத்திரம் நாம் மறுக்கவில்லை. சூரியனை எந்த நாளில் நேராக உற்றுப் பார்த்தாலும் கண் கெடும். அது வெளிச்சத்தின் குணமே தவிர, கிரகணத்தின் விஷமல்ல. அட்டையில் ஊசித்துளை போட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, துளை வழியே வரும் ஒளியைக் காகிதத்தில் விழும்படி செய்தால் தேய்ந்த சூரியன் தெரியும். வேப்பமரத்து நிழலிலே இலைச் சந்து ஒவ்வொன்றும் ஒரு பிறையைத் தரையில் காட்டும்.

1868-ம் வருஷம் ஆகஸ்டு 18-ந் தேதி முழுச் சூரிய கிரகணத்தைப் பார்ப்பதற்காக ழான்சென் என்ற பிரெஞ்சுக்காரர் கடல் கடந்து குண்டூருக்கு வந்தார். சூரியனைச் சுற்றித் தெரியும் தழல்கள் வாயுவே என்று கண்டார்; கிரகணமில்லாத நாளிலும் அவற்றைப் பார்க்கும் வழியையும் கண்டுபிடித்தார். நம் வீட்டு முற்றத்தில் நடப்பதை அயலான் வந்து பார்த்து அறிவாளியானான். நாம் தலை முழுகினோம்.

மறுபடியும் 2031-ம் வருஷம் மே மாதம் 21-ந் தேதி மதுரை வழியாக ஒரு கங்கண கிரகணம் வரப்போகின்றது. மே மாதம் விடுமுறையாயிற்றே என்று யாரும் தட்டிக்கழிக்கக்கூடாது. இன்று முதல் வகுப்புப் படிக்கும் குழந்தையும் அன்று கேள்வி கேட்கத் தெரிந்திருக்கும். ஆகவே உபாத்தியாயர்கள் அன்று பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்து வரவேண்டுமென்றும், பெற்றோர்கள் கதவைத் திறந்து அனுப்பவேண்டுமென்றும், ஊர்தோறுமுள்ள தோழர்கள் இப்போதிருந்தே குச்சியும் அட்டையும் எலுமிச்சம்பழமுமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய் உதவவேண்டுமென்றும் கேட்டுக்கொள்கின்றோம்.