ஒரு வாரம் இங்கிலீஷ் பேசினேன்

"ஸ்பெயினுக்குத் தொண்டு செய்யப் போனீங்களாமே, என்ன சார் செஞ்சீங்க?" என்று கேட்டார் என்னோடு காலையில் நடக்க வரும் நண்பர். "ஒரு வாரம் இங்கிலீஷ் பேசினேன்" என்றேன். சிரித்துவிட்டார்.

அவர் சிரித்ததில் நியாயம் உண்டு. ஆளில்லாமல் போய், பிறகு சீரமைக்கப்பட்ட வால்தெலாவில்லா என்ற ஸ்பானியக் கிராமத்தில் 2001-இல் தொடங்கிய முறை இது. ஆங்கிலம் பழக வந்த ஸ்பானியர்களையும், சரளமாக ஆங்கிலம் பேசும் வெளிநாட்டவரையும் ஒரே இடத்தில் தங்க வைத்துப் பேச விடுவார்கள். ஸ்பானிய மொழிக்குத் தடை. பழக வந்தவர்கள் கட்டணம் கட்டுகிறார்கள். நமக்குச் சம்பளம் கிடையாது. அறையும் சாப்பாடும் இலவசம், விமானச் செலவு நம்முடையது. இதைத் தொண்டு என்பதைவிடப் பண்டமாற்று என்பதே சரி.

ஆனாலும் முடிந்தவர்கள் போய்வரலாம் என்பதே என் கட்சி.

நான் தங்கியது சலமான்கா மாகாணத்தில், லா அல்பெர்கா என்ற பழைய ஊருக்கு அருகில். அந்த ஊரில் ஒரு பன்றி தெருவில் சுதந்திரமாகத் திரியும். ஊரார் தீனி போட்டு வளர்த்து, ஜனவரியில் வனத்து அந்தோணியார் திருநாளன்று குலுக்கலில் கொடுத்துவிடுவார்கள். இதை எனக்கு ஆங்கிலத்தில் விளக்க, ஐம்பது வயது என்ஜினியர் ஒருவருக்கு அரைமணி நேரம் ஆனது.

அவர் ஆங்கிலத்தில் மெயில் எழுதுவாராம். போன் வந்தால் மட்டும் பக்கத்து மேசைக்காரரிடம் நீட்டிவிடுவாராம். எனக்குச் சுருக்கென்றது. தமிழ் மீடியத்தில் படித்த நானும் பம்பாய்க் கூட்டங்களில் பதில் தெரிந்தும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவன்தான். நாம் 'இஸ்கூல்' என்பதுபோல அவர்கள் 'எஸ்பெயின்' என்கிறார்கள். ஒருநாள் அவர் தமக்கு 'கான்ஸ்டிபேஷன்' என்றார். வாழைப்பழம் சாப்பிடச் சொன்னேன். பிறகுதான் தெரிந்தது, அவர்கள் மொழியில் 'கான்ஸ்டிபாதோ' என்றால் சளி பிடித்தவர்!

என் உச்சரிப்பு லண்டன் உச்சரிப்பு இல்லையே என்று பயந்துகொண்டே போனேன். அவரோ, "எனக்கு போன் செய்பவர்களில் பாதிப்பேர் புனேக்காரர்கள், நீங்கள்தான் எனக்குச் சரியான ஆள்" என்றார்.

நான்காம் நாள் தொலைபேசிப் பயிற்சி. அவர் ஓர் அறையில், நான் இன்னோர் அறையில். "ஹலோ" என்றவர் பிறகு பேசவே இல்லை. வார்த்தை எடுத்துக் கொடுக்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். நீண்ட அமைதிக்குப் பின் ஆரம்பித்தார். பத்து நிமிடம் பேசினார். இலக்கணம் தாறுமாறுதான், ஆனால் சொன்னதெல்லாம் புரிந்தது.

நான் செய்தது அந்தக் காத்திருத்தல் ஒன்றுதான். இளம் வயதில் எனக்காக ஒருவரும் அப்படிக் காத்திருக்கவில்லை. எல்லோருக்கும் அவசரம்.

ஓய்வு பெற்ற நம்மிடம் இருக்கும் சொத்தே நேரம்தான். அதைச் செலவிட ஸ்பெயின்வரை போக வேண்டும் என்பதுமில்லை. உங்கள் தெருவிலேயே தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இன்டர்வியூவுக்குப் பயந்துகொண்டிருக்கும் பிள்ளை இருக்கும். வாரம் ஒருமணி நேரம் கூப்பிட்டுப் பேசுங்கள். தப்பாகப் பேசினால் உடனே திருத்தாதீர்கள். முதலில் பேசி முடிக்கட்டும்.