தாமரையில் இல்லாத பெயர்கள்

மைசூர் தேவராஜ மொஹல்லா பக்கம் போகும் பயணிகள் ஜகன்மோகன் அரண்மனையில் ரவிவர்மாவைத்தான் தேடுவார்கள். சுவரில் தீட்டிய தாமரை முன் நிற்பவர்கள் குறைவு. இதழ் இதழாக உடையார்களின் வம்சாவளி அது. 1861-ல் அரண்மனையைக் கட்டிய மூன்றாம் கிருஷ்ணராஜருக்குப் பட்டத்துக்கு மகன் இல்லை. 1865-ல் இரண்டு வயதுக் குழந்தையைத் தத்தெடுத்தார்; ஆங்கில அரசு 1867-ல்தான் சம்மதித்தது. சிம்மாசனம் பிழைத்தது. குழந்தையின் மனதைக் கேட்கும் வழக்கம் அப்போது இல்லை.

இப்போது மட்டும் உண்டா? தத்து என்றால் இன்றும் பெற்றவர், வளர்ப்பவர், கோர்ட் என்று பெரியவர்களின் விவகாரம்தான். பிள்ளையைப் பேசவைத்த எழுத்தாளர்களில் ஒருவர் ஜாக்கி கே. 1961-ல் எடின்பரோவில் பிறந்தவர். தாய் ஸ்காட்லாந்துக்காரர், தந்தை படிக்க வந்த நைஜீரியர். வளர்த்தது கிளாஸ்கோவில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. கறுப்பினப் பெண், தன்பாலின ஈர்ப்பை மறைக்காதவர். 1991-ல் வந்த இவரது 'தி அடாப்ஷன் பேப்பர்ஸ்' கவிதைகளில் பெற்ற தாய், வளர்த்த தாய், மகள் என்று மூன்று குரல்கள். மூன்றுக்கும் தனித்தனி அச்செழுத்து.

1998-ல் வந்த 'ட்ரம்பெட்' நாவல் இன்னும் துணிச்சலானது. புகழ்பெற்ற கறுப்பின ஜாஸ் கலைஞர் இறந்த பிறகு, அவருடையது பெண்ணுடல் என்பது வெளியே தெரிகிறது. தத்துப் பிள்ளை கொதிக்கிறான். ரத்தமும் இல்லை, உடலும் வேறு என்றால் அப்பா என்பது எது? கடைசியில், அவர் விட்டுச்சென்ற கடிதம் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்த தன் தந்தையின் கதையை மகனிடம் ஒப்படைக்கிறது. பிள்ளைக்குச் சேரவேண்டிய சொத்து அந்தக் கதைதான்.

அந்தச் சொத்தைத்தான் நாம் பறிகொடுக்கிறோம். வெளிநாட்டுத் தத்துக்கு உச்ச நீதிமன்றம் 1984-லேயே நெறிமுறைகள் வகுத்தது. அப்படியும், 1990-களின் இறுதியில் சென்னைக் குடிசைப் பகுதிகளில் கடத்தப்பட்ட குழந்தைகள் போலி ஆவணங்களோடு வெளிநாடு போனது 2005-ல் போலீஸ் விசாரணையில் அம்பலமானது. 2023-ல் அதே நீதிமன்றம், தன்பாலினத் தம்பதியர் சேர்ந்து தத்தெடுக்க முடியாது என்று 3-க்கு 2 என்ற கணக்கில் சொன்னது. யார் பெற்றோராகலாம் என்று வாதிட இரு பக்கமும் வக்கீல்கள் உண்டு. நான் யார் பிள்ளை என்று கேட்பவருக்கு?

2022-ம் ஆண்டு விதிகளின்படி 18 வயதானவர் தன் வேரைத் தேடி விண்ணப்பிக்கலாம். தன்னைப் பற்றிச் சொல்லக்கூடாது என்று பெற்ற தாய் அன்றே கேட்டிருந்தால், அவர் சம்மதமும் வேண்டும். நியாயம்தான். ஆனால் ஃபைலே பொய்யாக இருந்தால் எந்த விதியும் உதவாது. அரசகுமாரனுக்கு வம்சாவளி சுவரிலேயே இருந்தது. குடிசைப் பிள்ளைக்கு ஒரு உண்மையான காகிதமாவது வேண்டாமா?