4 வெற்றி, 12 வெற்றி, மறுபடி 5 வெற்றி: வாஷிங்டன் கமாண்டர்ஸ் டீமில் மாறியது என்ன?

ஒரு டீம் தோற்றுக்கொண்டே இருந்தால் முதலில் யாரை மாத்துவாங்க? கோச்சைத்தான். அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்-லில் இது வருஷா வருஷம் நடப்பதுதான். ஆனால் கோச்சை மாத்தின முதல் சீசனிலேயே 4 வெற்றியில் இருந்து 12 வெற்றிக்குத் தாவுவது அபூர்வம். தலைநகர் டீமான வாஷிங்டன் கமாண்டர்ஸ் 2024-ல் அதைச் செய்தது. அடுத்த வருஷமே 5 வெற்றிக்கு இறங்கியது. அப்படின்னா 2024-ல் பார்த்தது நிஜமான மாற்றமா, இல்லை வெறும் அதிர்ஷ்டமா?

டீம் எந்த நிலைமையில் இருந்தது?

மூன்று முறை சூப்பர் பவுல் வென்ற டீம் இது. கடைசியாக வென்றது 1992 ஜனவரியில். 1999-ல் 80 கோடி டாலருக்கு டான் ஸ்னைடர் இதை வாங்கினார். அதற்குப் பிறகு சரிவுதான். அலுவலகச் சூழல் மோசமாக இருந்ததற்காக 2021-ல் லீக் 1 கோடி டாலர் அபராதம் போட்டது. டீமின் பழைய பெயர் அமெரிக்கப் பூர்வகுடிகளை இழிவுபடுத்துவதாக எழுந்த எதிர்ப்பால் 2020-ல் அதையும் கைவிட வேண்டியிருந்தது.

2023 ஜூலையில் ஜோஷ் ஹாரிஸ் தலைமையிலான குழு 605 கோடி டாலருக்கு டீமை வாங்கியது. அந்த சீசனில் 4 வெற்றி, 13 தோல்வி. கடைசி 8 மேட்சும் வரிசையாகப் போச்சு. லீக்கிலேயே அதிகப் புள்ளிகளை விட்டுக்கொடுத்த டீமும் இதுதான். சீசன் முடிந்ததும் கோச் ரான் ரிவேரா நீக்கப்பட்டார்.

யார் யார் வந்தாங்க?

2024 தொடக்கத்தில் வீரர்களைத் தேர்வு செய்யும் பொது மேலாளராக ஆடம் பீட்டர்ஸ் வந்தார். தலைமை கோச்சாக டான் க்வின் நியமிக்கப்பட்டார். க்வினுக்கு ஏற்கெனவே ஒரு பெரிய வடு உண்டு. 2017 பிப்ரவரி சூப்பர் பவுலில் அவருடைய அட்லாண்டா டீம் 28-3 என்று முன்னிலையில் இருந்து, கூடுதல் நேரத்தில் 34-28 எனத் தோற்றது.

மூன்றாவது ஆள், ஜேடன் டேனியல்ஸ். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக். என்.எஃப்.எல்-லில் ஐ.பி.எல் மாதிரி ஏலம் கிடையாது. கல்லூரி வீரர்களை டீம்கள் வரிசைப்படி தேர்வு செய்யும். மோசமாக ஆடிய டீமுக்கு முதலில் வாய்ப்பு. அதனால்தான் வாஷிங்டனுக்கு 2-வது இடம் கிடைத்தது.

இதில் ஒரு பணக் கணக்கும் இருக்கு. டேனியல்ஸின் நாலு வருஷ ஒப்பந்தமே சுமார் 3.8 கோடி டாலர்தான். அதே வருஷம் டல்லாஸ் டீமின் குவார்ட்டர்பேக் டாக் ப்ரெஸ்காட் வருஷத்துக்கே 6 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். எல்லா டீமுக்கும் சம்பளத்துக்கு ஒரே உச்சவரம்பு. அதனால் வாஷிங்டன் கையில் காசு மிஞ்சியது. பாபி வாக்னர், ஸாக் எர்ட்ஸ் போன்ற அனுபவசாலிகளைக் கொண்டுவர முடிந்தது.

2024-ல் என்ன நடந்தது?

முதல் மேட்ச் தோல்வி. அப்புறம் கதை மாறியது. 12 வெற்றி, 5 தோல்வி. பிளேஆஃபில் டாம்பா பேயை 23-20 என வென்றது. லீக் சுற்றில் 15 மேட்ச் ஜெயித்த டெட்ராய்ட்டை, அதன் சொந்த மைதானத்திலேயே 45-31 என வெளியேற்றியது. 33 வருஷத்துக்குப் பிறகு சூப்பர் பவுலுக்கு ஒரு மேட்ச் முன்னால் வரை வந்தது. அங்கே ஃபிலடெல்ஃபியாவிடம் 55-23 என்று பலத்த அடி. டேனியல்ஸ் அந்த வருஷத்தின் சிறந்த அறிமுக அட்டாக் வீரராகத் தேர்வானார்.

க்வினின் கை எங்கே தெரிந்தது?

'நாலாவது முயற்சி'யில். 10 யார்டு தூரம் முன்னேற ஒரு டீமுக்கு நாலு முயற்சி. மூன்று முயற்சியில் முடியவில்லை என்றால், பெரும்பாலான கோச்கள் பந்தை உதைத்து எதிரணியிடம் தள்ளிவிடுவார்கள். நாலாவதில் சறுக்கினால் அதே இடத்தில் பந்து எதிரணிக்குப் போய்விடும். லீக் சுற்றில் க்வின் 23 முறை துணிந்தார், 20 முறை பலித்தது. புது வீரரை நம்பி இப்படி இறங்குவது கோச்சின் முடிவு.

அப்போ அதிர்ஷ்டம்?

அதுவும் நிறைய இருந்தது. 2024 அக்டோபர் 27, சிகாகோவுடன் மேட்ச். 25 நொடி பாக்கி, வாஷிங்டன் பின்தங்கியிருந்தது. கடைசி எறிதல் கூட்டத்துக்கு நடுவே ஒரு எதிரணி வீரர் கையில் பட்டு, பின்னால் தனியாக நின்ற நோவா பிரவுனிடம் விழுந்தது. 18-15 வெற்றி. நியூ ஆர்லியன்ஸை ஒரே ஒரு புள்ளியில் வென்றது. ஃபிலடெல்ஃபியாவை 36-33 என வென்ற மேட்சில் எதிரணி குவார்ட்டர்பேக் ஆரம்பத்திலேயே காயத்தால் வெளியேறியிருந்தார். டாம்பா பே மேட்சில் வெற்றி தந்த கடைசி உதை, கம்பத்தில் பட்டு உள்ளே போனது.

இந்த மாதிரி மேட்ச்கள் எல்லா வருஷமும் ஒரே பக்கம் சாயாது.

2025-ல் ஏன் சரிந்தது?

டேனியல்ஸுக்கு அடுத்தடுத்து காயம். முழங்கால், தொடைத் தசை, அப்புறம் முழங்கை. 17 மேட்சில் 7-ல்தான் ஆடினார். முழங்கை நழுவியது சியாட்டிலுடனான மேட்சில், தோல்வி கிட்டத்தட்ட உறுதியான பிறகு. அப்போதும் அவரைக் களத்தில் வைத்திருந்தது ஏன் என்ற கேள்வி க்வின் மீது எழுந்தது. தன் தவறுதான் என்று அவரே ஏற்றுக்கொண்டார். 2024-ல் பலம் என்று சொன்ன அனுபவசாலிகளுக்கும் ஒரு வயது கூடியிருந்தது. முடிவு, 5 வெற்றி, 12 தோல்வி. அட்டாக் பயிற்சியாளர் கிளிஃப் கிங்ஸ்பரி விலகினார். க்வின் பதவி தப்பியது.

ரசிகர்கள் எதைக் கவனிக்கணும்?

4-ஐ 12 ஆக்கியது புது கோச் மட்டும் இல்லை. புது உரிமையாளர், சரியான தேர்வு, குறைந்த சம்பளத்தில் கிடைத்த திறமைசாலி, கொஞ்சம் அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்தது. அதே மாதிரி 12-ஐ 5 ஆக்கியதும் கோச் ஒருவர் மட்டும் இல்லை. 12 வெற்றிக்காக க்வினை மேதை என்பதும், 5 வெற்றிக்காக உடனே துரத்தச் சொல்வதும் ஒரே தப்புதான்.

ஆனால் நேரம் குறைவு. ஒப்பந்தப்படி மூன்று சீசன் முடிந்ததும் டேனியல்ஸ் பெரிய தொகை கேட்கலாம். 2026 அவருக்கு மூன்றாவது சீசன். அதற்குப் பிறகு அந்த மிச்சக் காசு இருக்காது. இளம் வீரர்களைத் தேடிப் பிடித்து டீமைக் கட்டியாக வேண்டும். பீட்டர்ஸ், க்வின் ஜோடிக்கு நிஜமான பரீட்சை அதுதான்.