எங்கள் தலைக்கு மேல் கல்நார்

எங்க சேரிக்கு ஆஸ்பெட்டாஸ் சீட்டு வந்தபோது நாங்கள் கொண்டாடினோம். அதை மறைக்க வேண்டியதில்லை. கீற்றுக் கூரைக்கு ஒரு தீக்குச்சி போதும். 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அதற்கப்புறம் எரிந்த கூரைகளை எண்ணி முடியாது. "சீட்டு போட்டாச்சு, இனி எவன் வந்து கொளுத்துவான்"னு எங்கப்பா சொன்னார்.

கொளுத்த முடியாதுதான். கல்நார் எரியாது, மட்காது, லேசில் அறாது. நெஞ்சுக்குள் போனாலும் மட்காது என்பதுதான் வினை. கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் நுரையீரலில் தங்கி, 20 வருசம், 40 வருசம் கழித்துக்கூட இளைப்பாகவும் புற்றுநோயாகவும் வரும். நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் மீசோதீலியோமாவுக்கு முக்கியக் காரணமே இந்த நார்தான்.

முழுசாகக் கிடக்கிற சீட்டிலிருந்து அவ்வளவாகத் தூசு கிளம்பாது. உண்மைதான். கம்பெனிக்காரன் இந்தப் பாதியை மட்டும் சொல்வான். எங்க தெருவில் எந்தச் சீட்டு முழுசாகக் கிடந்தது? ஆக்சா பிளேடால் அறுத்தவர் எங்கப்பா. ஜே போல்ட்டுக்கு ஓட்டை போட்டது சித்தப்பா. காற்றில் உடைந்ததைப் பெருக்கி அள்ளியது அம்மா. உடைந்த துண்டு குளிக்கிற மறைப்பாகும், கோழிக்கூடாகும், பாண்டி ஆடக் கோடு கிழிக்கிற சாக்பீசாகும். நானும் கிழித்திருக்கிறேன்.

"வெள்ளைக் கல்நார் சாதுவானது" என்று ஒரு புளுகு. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் தடை செய்தது. தன் நாட்டுக் கட்டடங்களில் இருந்து அதைப் பிய்த்தெறிந்துகொண்டே நமக்கு மூட்டை கட்டி விற்ற கனடாவும் 2018இல் தடை செய்தது. இங்கே சுரங்கத்துக்குப் புதிய குத்தகை தருவதை 1986இலேயே நிறுத்தினார்கள். தோண்டினால் ஆபத்தாம். ரஷ்யாவிலிருந்து இறக்கினால் ஆபத்தில்லையாம்!

1995இல் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளியின் ஆரோக்கியம் அடிப்படை உரிமை என்றது. மருத்துவப் பதிவேட்டைக் குறைந்தது 40 வருசம் வைத்திருக்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தப் பதிவேடு ஃபாக்டரி கேட்டோடு நின்றுபோகிறது. தினக்கூலிக்குச் சீட்டு அறுத்தவன் பேர் எதில் இருக்கிறது? அவன் இருமிச் செத்தால், "பீடி குடிச்சான், டி.பி." என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

ஏழைக்கு மலிவான கூரை என்று வாதாடுகிறவனே, உன் வீட்டுக்கு மேலே என்ன இருக்கிறது? ஊருக்குக் காங்கிரீட், சேரிக்குச் சீட்டு. கூரையிலுமா இரட்டைக் குவளை?

நாளைக்கே அடித்து நொறுக்கு என்று நான் சொல்லவில்லை. நொறுக்கினால் தூசு நம்ம மூக்கிலதான் ஏறும். நனைத்து, உடைக்காமல், அரசு செலவில் கழற்ற வேண்டும். கழற்றுகிறவருக்கு உரிய முகமூடி வேண்டும், மூக்கில் துண்டு கட்டினால் போதாது. பதிலுக்குக் காங்கிரீட் தளம் வேண்டும். கீற்றுக்குத் திரும்பிப் போ என்று எவனும் சொல்லக் கூடாது.

தோழர்களே, முதலில் உங்கள் தெருப் பிள்ளைகள் உட்காருகிற அங்கன்வாடிக் கூரையை அண்ணாந்து பாருங்கள். சீட்டு என்றால் மனு எழுதுங்கள். அறுத்தவர், ஓட்டை போட்டவர், பெருக்கியவர் பேரையெல்லாம் வருசத்தோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எங்க தெரு நோட்டில் முதல் பேர் எங்கப்பாவுடையது.