தோனி எத்தனையாவதா இறங்கணும்? சிஎஸ்கே ரசிகர்கள் ஏப்ரலில் கேட்கத் தவறிய கேள்வி

'சிஎஸ்கேவுக்கு ஏழரைச் சனி' என்ற ஜோக்குக்கு மற்ற ஊர்களைவிட காரைக்காலில் மவுசு அதிகம். திருநள்ளாறு கூப்பிடு தூரத்தில் இருக்கிறதே! திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29. சிஎஸ்கே பெங்களூருவிடம் தோற்றது மார்ச் 28, ராஜஸ்தானிடம் தோற்றது மார்ச் 30. 'கணக்கு கரெக்டா இருக்கு பாருங்க' என்பது ஒரு தரப்பு. ஆனால் திருநள்ளாறு கோயில் பின்பற்றுவது வாக்கியப் பஞ்சாங்கம். அதன்படி பெயர்ச்சி 2026 மார்ச்சில்தான் என்று கோயில் நிர்வாகம் முன்கூட்டியே அறிவித்துவிட்டது. 'பெயர்ச்சியே ஆகலையேண்ணே, அப்புறம் சனி மேல எதுக்குப் பழி?' என்பது எதிர்த்தரப்பு.

சரி, சனி மேல் தப்பில்லை என்றால் யார் மேல்? ஏப்ரல் முழுக்க டீக்கடையிலும் கடற்கரையிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் ஓடிய சண்டை இதுதான். பயிற்சியாளர் ஃபிளெமிங்கா, கேப்டன் ருதுராஜா, தோனியா, இல்லை ஃபார்மில் இல்லாத வீரர்களா?

இப்போது சீசன் முடிந்துவிட்டது. 14 போட்டிகளில் 4 வெற்றி, புள்ளிப்பட்டியலில் 10-வது இடம். சிஎஸ்கே வரலாற்றில் கடைசி இடம் இதுவே முதல்முறை. சூடு தணிந்த நேரத்தில் அந்தச் சண்டையைத் திரும்பிப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் அடுத்த ஏப்ரலிலும் இதே சண்டை வரும்.

முதல் ஆறு போட்டிகளில் என்ன நடந்தது?

மார்ச் 23-ல் சேப்பாக்கத்தில் மும்பையை 4 விக்கெட் வித்தியாசத்தில் வென்று சீசன் ஆரம்பித்தது. நூர் அகமது 18 ரன் கொடுத்து 4 விக்கெட் எடுத்தார். எல்லோரும் குஷி.

அடுத்து வரிசையாக ஐந்து தோல்விகள். பெங்களூருவிடம் 50 ரன்னில் தோல்வி. 2008-க்குப் பிறகு சேப்பாக்கத்தில் அவர்களுக்கு அதுதான் முதல் வெற்றி. குவஹாத்தியில் ராஜஸ்தானிடம் 6 ரன்னில் தோல்வி. சேப்பாக்கத்தில் டெல்லியிடம் 25 ரன்னில் தோல்வி. பஞ்சாபிடம் 18 ரன்னில் தோல்வி. ஏப்ரல் 11-ல் கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவர் ஆடி 103 ரன்தான் எடுத்தார்கள். கொல்கத்தா அதை 10.1 ஓவரில் முடித்துவிட்டது.

ஒரே சீசனில் தொடர்ந்து ஐந்து தோல்வி என்பது சிஎஸ்கே அதுவரை பார்க்காத ஒன்று. அதற்கிடையில் முழங்கை எலும்பு முறிவால் ருதுராஜ் சீசனை விட்டே வெளியேற, கேப்டன் பொறுப்பு மறுபடியும் 43 வயது தோனியிடம் வந்தது.

தோனியின் பேட்டிங் வரிசைதான் பிரச்சினையா?

சண்டையில் முக்கால்வாசி இதைப் பற்றித்தான். பெங்களூரு போட்டியில் அஸ்வினுக்கும் பின்னால் 9-வது ஆளாக இறங்கி 16 பந்தில் 30 ரன் அடித்தார் தோனி. ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு வந்த ரன்கள் அவை. 'முன்னாடியே வந்திருந்தா ஜெயிச்சிருப்போம்ல' என்று கொதித்தவர்கள் ஏராளம். முழங்கால் பழைய மாதிரி இல்லை, 10 ஓவர் முழு வேகத்தில் ஓடி ஆட அவரால் முடியாது என்று விளக்கினார் ஃபிளெமிங். 2023-ல் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் தோனி. அந்த விளக்கத்தைப் பொய் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் அந்த ஐந்து தோல்விகளில் தோனி இறங்கிய இடங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்: 9, 7, 7, 5, 9. ரசிகர்கள் கேட்ட எல்லா பதிலையும் அணி முயன்று பார்த்துவிட்டது. டெல்லிக்கு எதிராக 11-வது ஓவரிலேயே வந்தார். கடைசிவரை அவுட் ஆகவில்லை. 26 பந்தில் 30 ரன். கூட ஆடிய விஜய் சங்கர் 54 பந்தில் 69. கையில் 5 விக்கெட்டை வைத்துக்கொண்டே 25 ரன்னில் தோற்றார்கள். பஞ்சாபுக்கு எதிராக 5-வது ஆளாக வந்து 12 பந்தில் 27 அடித்தார். அப்போதும் தோல்விதான்.

ஆக, எந்த நம்பரில் வந்தாலும் முடிவு மாறவில்லை. அவர் உள்ளே வரும்போதே ஆட்டம் பாதி போயிருந்தது. அதற்கு முன்னால் 10 ஓவர் என்ன நடந்தது என்று கேட்டிருக்க வேண்டும். தோனி என்ற பெயர் நடுவில் நின்றதால் அந்தக் கேள்வி மறைந்துவிட்டது.

அப்போ உண்மையான ஓட்டை எங்கே?

பவர்பிளேவில். பெங்களூருவுக்கு எதிராக முதல் 6 ஓவரில் 30 ரன்னுக்கு 3 விக்கெட். கொல்கத்தாவுக்கு எதிராக 31 ரன்னுக்கு 2. இன்றைய ஐபிஎல்லில் பல அணிகள் இந்த ரன்னை மூன்று ஓவரில் தாண்டிவிடுகின்றன.

பெங்களூரு தோல்விக்குப் பிறகு, ஆட்டமுறை பழசாகிவிட்டதா என்ற கேள்விக்கு ஃபிளெமிங் எரிச்சலாகவே பதில் சொன்னார். முதல் பந்திலிருந்து சுற்றவில்லை என்பதற்காக எங்களிடம் அடிக்கும் பலம் இல்லை என்று நினைக்காதீர்கள், கடைசியில் யார் ஜெயிக்கிறார்கள் என்று பாருங்கள் என்பதுதான் அதன் சாரம்.

இரண்டு வாரம் கழித்து, கொல்கத்தா தோல்வி அன்று தோனி பேசியது வேறு மாதிரி. எங்கள் தொடக்க வீரர்கள் முறையான கிரிக்கெட் ஷாட் ஆடுபவர்கள், இந்த வரிசையை வைத்துக்கொண்டு பவர்பிளேவில் 60 ரன் எதிர்பார்த்தால் கஷ்டம் என்றார்.

நேர்மையான பேச்சு. ஆனால் அதன் அர்த்தம் என்ன? 60 அடிக்கும் வரிசையே அணியில் இல்லை. அது ஏப்ரலில் எடுத்த முடிவு இல்லை. 2024 நவம்பரில் ஜெட்டா ஏலத்தில் எடுத்த முடிவு.

அங்கே ராகுல் திரிபாதிக்கு சிஎஸ்கே கொடுத்தது 3.40 கோடி. டெல்லி பிரீமியர் லீக்கில் ஒரே ஓவரில் 6 சிக்ஸ் அடித்திருந்த பிரியான்ஷ் ஆர்யாவை பஞ்சாப் எடுத்தது 3.80 கோடிக்கு. வித்தியாசம் 40 லட்சம். சீசன் முழுக்க திரிபாதி எடுத்தது 55 ரன். ஆர்யா சிஎஸ்கேவுக்கு எதிராக ஒரே போட்டியில், 42 பந்தில், 103 அடித்தார். 'முடிஞ்சப்புறம் யார் வேணா சொல்லலாம்' என்று இதைத் தள்ளலாம். ஆனால் அந்த 6 சிக்ஸ் ஏலத்துக்கு முன்பே ஊருக்கே தெரியும்.

'இப்பதானே ஆரம்பம்' - இந்த வாதம் சரியா?

பாதி சரி. 2010-ல் முதல் 7 போட்டிகளில் 5-ல் தோற்ற சிஎஸ்கே, கடைசியில் கோப்பையைத் தூக்கியது. பழைய ரசிகர்கள் ஒவ்வொரு வருஷமும் இதைச் சொல்வார்கள். 2022-ல் ஜடேஜா தலைமையில் முதல் நான்கும் தோல்வி. அந்த முறை எதுவும் மாறவில்லை, 9-வது இடத்தில் முடிந்தது. 2010-ஐச் சொல்கிறவர்கள் 2022-ஐச் சொல்வதில்லை.

அமெரிக்க பேஸ்பாலில் ஒரு அணி சீசனுக்கு 162 போட்டி ஆடுகிறது. அங்கேயும் ஏப்ரலில் ரசிகர்கள் இப்படித்தான் அடித்துக்கொள்வார்கள். இன்னும் மலை போல போட்டிகள் இருக்கின்றன, பொறுங்கள் என்று அங்கே சொன்னால் நியாயம். ஐபிஎல்லில் இருப்பதே 14 லீக் போட்டிகள். இங்கே 5 போட்டி என்பது பேஸ்பால் கணக்கில் 58 போட்டிக்குச் சமம். பொறுத்திருக்க இங்கே நேரம் கிடையாது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பேஸ்பாலில் யாரை எப்போது இறக்குவது என்று முடிவெடுப்பவர் மேனேஜர். சொதப்பினால் கேள்வி அவருக்குத்தான். சிஎஸ்கேவில் 2009 முதல் பயிற்சியாளர் ஃபிளெமிங். மைதானத்தில் கேப்டன் ருதுராஜ். ஸ்டம்புக்குப் பின்னால் தோனி. மூன்று பேர் இருக்கும்போது தப்பு யாருடையது என்று கேட்டால், ரசிகர்கள் ஆளுக்கொருவரைக் கைகாட்டுகிறார்கள். கடைசியில் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் எதற்குப் பொறுக்கலாம், எதற்குப் பொறுக்கக் கூடாது? ஒரு வீரரின் ஃபார்முக்குப் பொறுக்கலாம். நல்ல பேட்ஸ்மேன் நாலு போட்டியில் தடுமாறுவது சகஜம். ஆனால் ஆட்டமுறைக்கு அந்தச் சலுகை கிடையாது. தொடக்கத்தில் மெதுவாக ஆடுவோம், கடைசியில் பார்த்துக்கொள்வோம் என்பது ஃபார்ம் இல்லை, திட்டம். திட்டம் தப்பு என்று தெரிய ஐந்து போட்டி தாராளம். 2019-க்குப் பிறகு சிஎஸ்கே 180-க்கு மேல் ஒரு இலக்கைக்கூட துரத்தி ஜெயிக்கவில்லை என்ற கணக்கு அப்போதே எல்லோர் கண் முன்னாலும் இருந்தது.

பொறுமை இழந்த பிறகு என்ன ஆனது?

இதுதான் ரசிகர்களின் கோபத்துக்குச் சாட்சி. ஏப்ரல் 14-ல் லக்னோவில் ஷேக் ரஷீதுக்கு வாய்ப்பு கொடுத்தார்கள். தோல்வி வரிசை அன்றைக்கு நின்றது. ஏப்ரல் 20-ல் 17 வயது ஆயுஷ் மாத்ரே வந்தார். முதல் போட்டியிலேயே 15 பந்தில் 32. பெங்களூருவுக்கு எதிராக 48 பந்தில் 94. சீசனில் 7 போட்டிகளில் 240 ரன், ஸ்ட்ரைக் ரேட் 188-க்கு மேல். பிறகு டெவால்ட் பிரெவிஸ், உர்வில் படேல்.

மே 7-ல் கொல்கத்தாவில் 180 இலக்கு. உர்வில் 11 பந்தில் 31, பிரெவிஸ் 25 பந்தில் 52. ஆறு வருஷமாக முடியாத துரத்தல் அன்றைக்கு முடிந்தது. ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்பே, ஏப்ரல் 30-ல், சிஎஸ்கே பிளே-ஆஃப் வாய்ப்பை இழந்திருந்தது. ஏலத்தில் தாங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்யவில்லை என்று ஃபிளெமிங் ஒப்புக்கொண்டதும் ஏப்ரல் கடைசியில்தான்.

இந்தக் கதையை சிஎஸ்கே ரசிகர்கள் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறார்கள். 2020-ல் இளம் வீரர்களிடம் 'ஸ்பார்க்' தெரியவில்லை என்றார் தோனி. வாய்ப்பு கைநழுவிய பிறகு இறக்கிய ருதுராஜ் வரிசையாக மூன்று அரைசதம் அடித்தார். அடுத்த வருஷம் ஆரஞ்சு கேப் அவருக்கு, கோப்பை சிஎஸ்கேவுக்கு. ஐந்து வருஷம் கழித்தும் அணி அதே பாடத்தை அதே விலை கொடுத்துப் படித்திருக்கிறது.

காரைக்காலுக்கு இதில் என்ன?

சுற்றிலும் தமிழ்நாடு இருந்தாலும் காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. கிரிக்கெட்டிலும் அப்படியே. இங்கே வளரும் பையன் ரஞ்சி ஆட வேண்டுமென்றால் போக வேண்டியது புதுச்சேரி அணிக்கு. அந்த அணி ரஞ்சிக்குள் வந்ததே 2018-19 சீசனில்தான். சேப்பாக்கம் சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் ஐபிஎல் என்றால் இங்கே மஞ்சள்தான். பெயர் தெரியாத 17 வயசுப் பையனை முதல் போட்டியில் இறக்குவதா, பெயர் தெரிந்த 34 வயசுக்காரரை ஐந்து போட்டி பார்ப்பதா என்ற கேள்வி, மைதானத்தில் பேட் பிடித்து நிற்கும் இந்த ஊர்ப் பையன்களுக்கு வெறும் டிவி விவாதம் இல்லை. அவர்களுடைய வாய்ப்பும் ஒருநாள் இப்படி யாரோ ஒருவரின் பொறுமையில்தான் தொங்கப்போகிறது.

ஏப்ரலில் 'இப்படி ஆடினா தேறாது' என்று சொன்னவர்களை 'நீயெல்லாம் உண்மையான ரசிகனா?' என்று வாயடைத்தார்கள். அவர்கள் சொன்னது நடந்தது. அவர்களைத் தோற்கடித்த பெங்களூருவும் பஞ்சாபும்தான் கடைசியில் இறுதிப்போட்டியில் மோதின. அதனால் அடுத்த சீசனில் முதல் ஐந்து போட்டி முடிந்ததும், தோனி இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதலில் பார்க்க வேண்டியது பவர்பிளே ஸ்கோர். இரண்டாவது, பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று. பேட்டிங் நம்பர் சண்டையை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

இந்தத் தடவை சனி தப்பித்துவிட்டார். அடுத்த ஐபிஎல் வருவதற்குள் திருநள்ளாற்றில் பெயர்ச்சி முடிந்திருக்கும். அப்போதும் அணி பவர்பிளேவில் 30 ரன் எடுத்தால், பழியைப் போட ஆள் தயார்.