தோளில் இருந்த சுவஸ்திக்

கிரகப்பிரவேசத்தன்று கதவில் மஞ்சளும் குங்குமமும் கொண்டு சுவஸ்திக் வரைபவருக்கு அது மங்கலச் சின்னம். நாஜிகளிடம் உறவுகளை இழந்த ஒரு யூதக் குடும்பத்துக்கு அது மரணத்தின் சின்னம். இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒரு ராணுவப் பிரிவு உண்டு. ஹிட்லரின் படையை எதிர்த்துப் போரிட்ட அமெரிக்க டிவிஷன் ஒன்று, அதற்குச் சில வருடங்கள் முன்புவரை தோளில் சுவஸ்திக்கைத்தான் அணிந்திருந்தது!

அமெரிக்காவின் 45வது காலாட்படை டிவிஷன்தான் அது. ஓக்லஹோமா, கொலராடோ, அரிசோனா, நியூ மெக்ஸிகோ ஆகிய 4 மாநிலங்களின் தேசியக் காவல்படையினரைக் கொண்டு 1920களில் உருவானது. அதன் சின்னம், சிவப்புச் சதுரத்தில் மஞ்சள் சுவஸ்திக். சதுரத்தின் 4 பக்கங்களும் 4 மாநிலங்கள். சிவப்பும் மஞ்சளும் அந்தப் பகுதியை ஒரு காலத்தில் ஆண்ட ஸ்பெயினின் நிறங்கள். சுவஸ்திக் மட்டும் அந்த மண்ணின் பூர்வகுடிகளுடையது. நவஹோ மக்கள் நெய்யும் கம்பளங்களில் அது தலைமுறைகளாக இருந்தது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. அமெரிக்கப் பூர்வகுடிகள் எல்லோருக்கும் குடியுரிமை கொடுத்த சட்டமே 1924ல்தான் வந்தது. அவர்களுடைய நிலத்தைப் பிடுங்கிய அரசின் ராணுவம், அவர்களுடைய சின்னத்தையும் பெருமையோடு எடுத்துக்கொண்டது.

1935ல் ஜெர்மனியின் தேசியக்கொடியிலேயே சுவஸ்திக் ஏறியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 45வது டிவிஷன் தன் சின்னத்தைக் கைவிட்டது. 1939ல் புதிய சின்னம் வந்தது: இடிப்பறவை. சிறகை அடித்தால் இடி, கண்ணைத் திறந்தால் மின்னல் என்று பூர்வகுடிக் கதைகள் சொல்லும் பறவை. அதை வரைந்தவராகச் சொல்லப்படும் வூடி பிக் போ, கயோவா இனத்து ஓவியர். நிறங்கள் மாறவில்லை, அதே சிவப்பு, அதே மஞ்சள்.

அந்தப் பறவையைத் தோளில் தாங்கியவர்கள் 1943ல் சிசிலியில் இறங்கினார்கள். 1945 ஏப்ரல் 29 அன்று டாக்காவ் வதைமுகாமுக்குள் நுழைந்த அமெரிக்கப் படைகளில் அவர்களும் இருந்தார்கள். உள்ளே 30,000க்கும் மேற்பட்ட கைதிகள் உயிரோடு இருந்தார்கள். பழைய சின்னத்தோடு வந்திருந்தால் அந்தக் கைதிகள் என்ன நினைத்திருப்பார்கள்?

அதே நாளில், சரணடைந்த நாஜிக் காவலர்கள் சிலரை இந்த டிவிஷன் வீரர்கள் சுட்டுக் கொன்றதும் வரலாறு. விசாரணை நடந்தது, யாரும் தண்டிக்கப்படவில்லை. சின்னத்தை மாற்றிவிட்டால் மட்டும் அணிந்தவர் புனிதராகிவிட மாட்டார்.

"சுவஸ்திக் பல ஆயிரம் வருஷத்துச் சின்னம், ஹிட்லருக்காக அதை ஏன் விடவேண்டும்?" என்று கோபப்படுபவர்கள் உண்டு. நியாயமான கோபம்தான். திருச்சி அருகே திருவெள்ளறையில் பல்லவர் காலத்துக் கிணறே சுவஸ்திக் வடிவில் இருக்கிறது. அதை யாரும் இடிக்கச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் வீட்டு வாசலும் ராணுவச் சீருடையும் ஒன்றல்ல. வாசலில் வரைவது அந்த வீட்டின் நம்பிக்கைக்காக. சீருடையில் தைப்பது எதிரில் நிற்பவர் படிப்பதற்காக. வருபவன் நண்பனா எதிரியா என்று ஒரு நொடியில் முடிவு செய்யவேண்டிய இடத்தில், 'இதற்கு வேறு அர்த்தம்' என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அந்த வகையில் 45வது டிவிஷன் செய்தது சரி. 1918 முதல் சுவஸ்திக்கைப் பயன்படுத்திய ஃபின்லாந்து விமானப்படை, 1945ல் அதை விமானங்களிலிருந்து எடுத்தது. ஆனால் பிரிவுக் கொடிகளிலிருந்தும் அதை நீக்கப்போவதாகச் சொல்ல 2025 ஆகிவிட்டது. இத்தனைக்கும் அவர்களுடைய சின்னம் நாஜிக் கட்சிக்கும் முந்தியது.

டிவிஷனுக்கு இதில் பெரிய நஷ்டம் இல்லை. 1968ல் அது கலைக்கப்பட்ட பிறகும், அதன் வழிவந்த ஓக்லஹோமா படையினரின் தோளில் இடிப்பறவை தொடர்ந்தது. உண்மையில் இழந்தவர்கள் வேறு. 1940ல் நவஹோ, ஹோப்பி, அப்பாச்சி, பாப்பகோ இனத்துப் பிரதிநிதிகள் அரிசோனாவில் கூடி, இனித் தங்கள் கம்பளங்களிலும் கூடைகளிலும் சுவஸ்திக்கை இடமாட்டோம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். யாருக்கும் கெடுதல் நினைக்காத நெசவாளி, எங்கோ ஒருவன் செய்த பாவத்துக்காகத் தன் பாட்டி சொல்லிக்கொடுத்த கோலத்தை விட்டுக்கொடுத்தார். சின்னத்தைத் திருடியவன் செய்த குற்றங்களின் பட்டியலில் இதையும் சேர்க்கவேண்டும்.